'ஒருவேளை' நோட்டு

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி. பாலுக்கு உறை குத்தி மூடி வைத்துவிட்டு விளக்கை அணைக்கக் கூடத்துக்கு வந்தேன். என் மருமகள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி பதினொன்று. இதொன்றும் புதிதில்லை. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் ஆபீசில் அவளுக்கு வேலை. அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி. ஆனால் அன்றைக்கு அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன்.

"என்னடி கண்ணு, தலைவலியா?"

"ஒண்ணுமில்லைம்மா. நாளன்னிக்கு கிளையன்ட் மீட்டிங். ஒரு வேலை சொன்ன தேதிக்கு முடியாதுன்னு எனக்கு ரெண்டு வாரமாத் தெரியும். இன்னும் அவாகிட்ட சொல்லலை."

"ஏன் சொல்லலை?"

"ரிஸ்க் ரெஜிஸ்டர்ல எழுதித்தான் வெச்சிருக்கேன். மஞ்சள் கலர்ல இருக்கு. சிவப்புன்னு மாத்தினா மேலே இருக்கறவா நூறு கேள்வி கேப்பா. எப்படியாவது முடிச்சுடலாம்னு பார்த்தேன்..."

ரிஸ்க் ரெஜிஸ்டர் என்றால் என்ன என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். ஒருவருக்கு ஒரு வேலை செய்து கொடுக்க ஒப்புக்கொண்டால், அதில் என்னென்ன தப்பாகப் போகலாம் என்று முதலிலேயே பட்டியல் போடுவார்களாம். அது வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு, வந்தால் எவ்வளவு சேதம், வராமல் தடுக்க என்ன செய்யலாம், மீறி வந்துவிட்டால் என்ன செய்யலாம், யார் பொறுப்பு என்று கட்டம் கட்டமாக எழுதுவார்களாம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் கொடுத்து வாராவாரம் எடுத்துப் பார்ப்பார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகிற பெண்ணுக்கு எதிரில் சிரிக்கக் கூடாதுதான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் நோட்டை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். கல்யாணமாகி வந்து மூன்று வருஷமாக அந்த நோட்டைப் பார்க்கிறாள். ஏதோ பால் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம்!

நான் சீர் பட்சணம் செய்து கொடுப்பவள். 1999-ல் என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். பையன் அப்போது எட்டாவது வகுப்பு. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை வாணலிதான். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் அடுப்பு போட்டு, அக்கம் பக்கத்துச் சீமந்தம், கல்யாணம் என்று முறுக்கும் லட்டும் செய்து கொடுக்க ஆரம்பித்தேன். கைமுறுக்கு, முள்ளு முறுக்கு, அதிரசம், லட்டு, பருப்புத் தேங்காய் என்று வேலை வளர்ந்தது.

இந்த வேலையின் கஷ்டம் செய்தவர்களுக்குத்தான் தெரியும். தையல்காரர் ரவிக்கையை நாலு நாள் கழித்துக் கொடுத்தால் கோபித்துக்கொண்டாவது வாங்கிக்கொள்வோம். முகூர்த்தம் நமக்காகக் காத்திருக்காது. சம்பந்தி வீட்டார் முன்னால் தட்டு வரிசை வைக்கும்போது அது அங்கே இருந்தாக வேண்டும்.

2003-ஆம் வருஷம் ஐப்பசியில் ஒரு கல்யாணம். பெண்ணின் அம்மா பள்ளிக்கூட டீச்சர். கணவரை இழந்து, ஒற்றை ஆளாகப் பெண்ணை வளர்த்து ஆளாக்கியவர். முறுக்கு, லட்டு எல்லாம் சொல்லிவிட்டு, "அதிரசம் மட்டும் குறையாம நூத்தியொண்ணு வெச்சுடுங்கோ மாமி. மாப்பிள்ளை ஆத்துல அதைத்தான் எண்ணிப் பார்ப்பாளாம்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

அதிரசம் செய்தவர்களுக்குத் தெரியும், அது முழுக்க முழுக்கப் பாகில் இருக்கிறது. அரிசியை ஊற வைத்து, வடித்து, துணியில் உலர்த்தி, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலித்து வைத்திருப்போம். வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் உருட்ட வர வேண்டும். அந்தப் பதத்தில் மாவைக் கொட்டிக் கிளற வேண்டும். இளம் பாகானால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகும். முற்றிவிட்டால் பல் உடையும். அந்த வருஷம் நல்ல அடைமழை. வந்த வெல்லம் கசிந்துபோய்க் கோணிப்பையே நனைந்திருந்தது. அதில் பாகு வைத்தால் பதம் பிடிபடவே மாட்டேன் என்கிறது.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு விஷயம் தெரிந்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம். மாதிரிக்கு ஒன்று தட்டிப் போட்டேன். எண்ணெய் முழுக்கப் பொடிப்பொடியாகப் பரவியது. வேறு வெல்லம் வாங்கி வந்து புதன்கிழமை மறுபடி பாகு வைத்தேன். அதுவும் சரியாக வரவில்லை. வியாழன் அன்று மாவில் கொஞ்சம் மைதா கலந்து பார்த்தேன். (ஆமாம், அந்தப் பாவத்தையும் செய்தேன்.) தினம் சாயந்திரம் டீச்சர் போன் செய்வார். "எல்லாம் ஆயிண்டிருக்கா மாமி?" "ஆயிண்டே இருக்கு, கவலைப்படாதீங்கோ." மூன்று நாளும் இதே பதில். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயந்திரம் மண்டபத்துக்குக் கொண்டுபோனபோது நூற்றியொன்றுக்குப் பதில் முப்பத்தெட்டு அதிரசம் இருந்தது. குறைக்கு லட்டு வைத்திருந்தேன். டீச்சர் கத்தவில்லை. தட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செவ்வாக்கிழமையே சொல்லியிருந்தேள்னா, கும்பகோணத்துல எங்க அக்கா பண்ணிக் கொண்டுவந்திருப்பாளே மாமி" என்றார். அவ்வளவுதான். பாக்கிப் பணத்தை எண்ணிக் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அதிரசம் உதிர்ந்தது என் தப்பில்லை என்று எத்தனையோ சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மழைக்கு நான் என்ன செய்ய? ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை நாலு நாட்கள் இருந்தன. அவை எனக்குச் சொந்தமான நாட்கள் அல்ல, டீச்சருடையவை. அதை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பையனின் பழைய நோட்டு ஒன்றில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுத ஆரம்பித்தேன். 'ஒருவேளை வெல்லம் கசிந்திருந்தால்... ஒருவேளை காஸ் தீர்ந்தால்... ஒருவேளை மாவு மெஷினில் கரண்ட் இல்லாவிட்டால்...' விடிகிறபோது நாற்பத்தேழு 'ஒருவேளை' சேர்ந்துவிட்டது. பூனை வந்து நெய்யைக் கவிழ்த்தால் என்பது வரை!

காலையில் என் மாமியார் பார்த்துவிட்டார். காலமாகிப் பல வருஷங்களாகிவிட்டன, பாவம். அன்றைக்கு அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"ஏண்டீ, கல்யாண வேலை பண்றவ எழுதற எழுத்தா இது? தேவதைகள் மேலே சுத்திண்டே இருப்பா. நாம என்ன சொன்னாலும் 'ததாஸ்து'ன்னு சொல்லிடுவா. வாயால சொன்னாலே பலிக்கும், நீ எழுதியே வெச்சிருக்கே!"

நம் வீடுகளில் இது பெரிய தடை. நல்ல காரியத்தின்போது கெட்டதைப் பேசக் கூடாது. மருந்து வாங்கப் போவதைக்கூட 'போய்ட்டு வரேன்' என்று மாற்றிச் சொல்கிறவர்கள் நாம். அதனால் கெட்டுப்போகக்கூடிய விஷயம் எல்லோர் மனதிலும் இருக்கும். ஒருவர் வாயிலும் வராது. நான் மாமியாரோடு வாதாடவில்லை. நோட்டின் தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டேன். "அம்மா, இது நடக்கணும்னு எழுதலை. நடக்காம இருக்கணும்னு பிள்ளையார்கிட்ட மனு குடுத்திருக்கேன்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் தானாகவே கேட்டார்: "ஏண்டீ, முறுக்கு சுத்தற அம்புஜத்துக்குக் கைவலி வந்தா என்ன பண்ணுவே? அதை எழுதினியோ?"

எழுதவில்லை! நாற்பத்தேழில் அது இல்லை. பூனையை எழுதியவளுக்கு அம்புஜம் மாமி ஞாபகம் வரவில்லை. கைமுறுக்கு அச்சில் பிழிவதில்லை, விரலால் முறுக்கிச் சுற்றுவது. ஏழு சுற்று, ஒன்பது சுற்று என்று ஒரே கனமாகச் சுற்ற எங்கள் பேட்டையில் அப்போது அம்புஜம் மாமி ஒருவர்தான். அவர் வராவிட்டால் என் வியாபாரமே இல்லை. அன்றிலிருந்து மாமியார்தான் அந்த நோட்டின் முக்கிய ஆசிரியர். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் பயந்தே குடும்பம் நடத்தியவர். அந்தப் பயத்துக்கு முதல் தடவையாக ஓர் உத்தியோகம் கிடைத்தது.

நாற்பத்தேழையும் தூக்கிக்கொண்டு வேலை செய்ய முடியாது. ஓர் ஆர்டருக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்குப் பத்து வரி என்று வைத்துக்கொண்டோம். எதை எடுப்பது, எதை விடுவது? ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வி கேட்போம். இது வருமா? வந்தால் தாங்குமா? முறுக்கு உடைவது தினம் வரும், ஆனால் தாங்கும். 101 சொன்னால் 115 சுற்றிவிட்டால் தீர்ந்தது. பாதியில் காஸ் தீர்வது எப்போதோ ஒரு முறைதான் வரும், வந்தால் தாங்காது. அதனால் வேலை தொடங்கும்போது நிரம்பிய சிலிண்டர் ஒன்று தனியாக நிற்க வேண்டும். (வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரை இதற்கு எடுக்கக் கூடாது. வியாபாரத்துக்கு 19 கிலோ சிலிண்டர்தான்.) வரும், வந்தால் தாங்கவும் தாங்காது என்று எதைச் சொல்கிறோமோ அதற்குப் பக்கத்தில் ஒரு கரிப்பொட்டு. ரொம்ப மோசமானால் இரண்டு. குங்குமம் வேண்டாம், திருஷ்டிக்கு வைக்கிற மாதிரி கரியே இருக்கட்டும் என்றது மாமியார்தான்.

பொட்டு வைத்த வரிக்கு எதிரில் நாலு விஷயம் எழுதுவோம். முதல் அறிகுறி என்ன, வந்தால் என்ன செய்வோம், யார் பொறுப்பு, கல்யாண வீட்டுக்கு எப்போது சொல்ல வேண்டும். இதில் அறிகுறி என்பதுதான் சிரமமானது. எண்ணெய் கெட்டுப்போகும் என்று எழுதிப் பிரயோசனமில்லை. வாணலியில் நுரை தங்கினால், நிறம் கறுத்தால், புகை சீக்கிரம் கிளம்பினால் உடனே மாற்று என்று எழுதினால் அடுப்பில் நிற்கிற பெண்ணுக்குப் புரியும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு 2018 ஜூலையிலிருந்து சட்டமே வரம்பு கட்டிவிட்டது. அதற்கு வெகு முன்பே எங்கள் நோட்டில் அந்த வரி உண்டு.

சில ஆபத்துக்கு ஒரே மருந்து, அந்த வேலையை எடுக்காமலிருப்பது. சித்திரை, வைகாசியில் திரட்டிப்பாலும் தேங்காய் பர்பியும் வெளியூருக்கு அனுப்பக் கேட்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன்.

கல்யாண வீட்டாரால் வருகிற ஆபத்தும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. "கூடவே ஒரு இருபத்தியொண்ணு அதிரசம் போட்டுடுங்கோ மாமி" என்று நாலு நாள் முன்னால் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். இருபத்தியொன்றுதானே என்று தோன்றும். மாவு ஊற வேண்டாமா? அடுப்பு காலியாக இருக்க வேண்டாமா? எண்ணிக்கையைப் பத்து நாள் முன்னால் நிறுத்திவிட வேண்டும், சரக்கு வாங்கும் பணம் முன்பணமாக வந்துவிட வேண்டும், இரண்டையும் காகிதத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். மண்டபத்தில் பட்சண அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று பெயரோடு கேட்டு எழுதிக்கொள்வேன். சாவி நாலு கை மாறினால் லட்டு நாலு டஜன் குறையும், பழி நமக்கு வரும். வீட்டில் யாருக்காவது வேர்க்கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளாதா என்றும் இப்போதெல்லாம் கேட்கிறேன். சின்னக் குழந்தைகள் விஷயத்தில் அது விளையாட்டில்லை.

இத்தனையும் எழுதி வைத்த பிறகு எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. 2009-ல் அதற்குச் சரியான பூசை நடந்தது. அம்புஜம் மாமி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டு. மறுநாள் காலை ஒன்பது சுற்று முறுக்கு 51 சுற்ற வேண்டும். நான் பதறவே இல்லை. நோட்டில் இருக்கிறதே! 'அம்புஜம் மாமி வராவிட்டால் நங்கநல்லூர் பட்டு மாமி' என்று போன் நம்பரோடு எழுதியிருந்தது. போன் செய்தேன். யாரோ எடுத்தார்கள். பட்டு மாமி பிள்ளையோடு புனேக்குப் போய் ஒரு வருஷமாகிறதாம்.

எழுதி ஆறு வருஷம். ஒரு தடவைகூட அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. எழுதியதே காவல் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். எழுதாதவளாவது பயந்துகொண்டே ஜாக்கிரதையாக இருந்திருப்பாள்!

இந்த முறை அரை மணி நேரம்கூடக் காத்திருக்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். "ஒன்பது சுத்து என்னால முடியாது. அஞ்சு சுத்து நானே சுத்தித் தரேன், விலையைக் குறைச்சுக்கறேன். இல்லேன்னா வேற இடத்துல சொல்லிக்கறதானா முன்பணத்தை இப்பவே திருப்பித் தரேன்." ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் அந்த அம்மாள், "அஞ்சு சுத்தே இருக்கட்டும் மாமி, நான் சம்பந்திகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடறேன்" என்றார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து சுற்றினேன். அழகாக வந்தது என்று சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் நோட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படிப்பது வழக்கமாயிற்று. பொட்டு ஒன்றா இரண்டா, கூடியதா குறைந்ததா என்று பார்ப்பேன். பதில் ஆள் ஊரில் இருக்கிறாளா என்று போன் செய்து, "சும்மா, சௌக்கியமான்னு கேக்கத்தான்" என்பேன். இதனாலேயே மாம்பலம் முழுக்க எனக்கு நல்ல பெயர். பார்த்த தேதியை ஓரத்தில் போட்டுவிடுவேன்.

2015-ஐ சென்னையில் இருந்தவர்கள் மறக்க முடியுமா? அந்த வருஷம் தீபாவளியிலிருந்தே மழை. டிசம்பர் முதல் வாரம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம், பெண் வீடு எங்கள் பக்கத்துத் தெரு. பட்சணத்தை அவர்களோடு ரயிலில் அனுப்புவதாக ஏற்பாடு. 'மழை' என்ற வரிக்கு முதலில் பொட்டே இல்லை. நவம்பர் நடுவில் ஒன்று வைத்தேன். நவம்பர் 27, வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். பத்து நாள் முன்னால் பெய்த மழையே தெருவில் வடியவில்லை, சாக்கடைத் தண்ணீர் மேலே நின்றது. மேற்கொண்டு பெய்தால் போக இடமில்லை. இரண்டாவது பொட்டை வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனேன்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுத் தந்துடறேன். வேன் வெச்சு முன்னாடியே அனுப்பிடுங்கோ. லட்டு இத்தனை நாள் தாங்காது, அதை அங்கேயே சமையல்காரரைப் பிடிக்கச் சொல்லுங்கோ, அந்தப் பணத்தைக் கழிச்சுடறேன். முடிஞ்சா நீங்களும் முன்னாடியே கிளம்பிடுங்கோ."

பெண்ணின் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன் மாமி இப்படியெல்லாம் சொல்றேள்..." என்று இழுத்தார். என் வயிற்றிலும் புளியைக் கரைத்தது. மழை நின்று நல்ல வெயில் அடித்தால் என்னைவிட முட்டாள் யார்? வேன் வாடகை வேறு தண்டம். ஆனாலும் அவர் கேட்டார். இரண்டு ராத்திரி தூங்காமல் முடித்து, ஞாயிறு மத்தியானம் டப்பாக்களில் அடைத்து ஏற்றிவிட்டோம். பெண்ணும் அம்மாவும் அதிலேயே கிளம்பினார்கள்.

டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்ததாகப் பின்னால் படித்தேன். அன்று ராத்திரி எங்கள் வாசல் படி மூன்றும் முழுகி, பின்கட்டு அடுப்புவரை தண்ணீர். கரண்ட் நாலு நாள் இல்லை. இருபது கிலோ மாவு கூழாகிவிட்டது. கிரைண்டர் மோட்டார் போயே போய்விட்டது. நோட்டு ஆணியில் தொங்கியதால் தப்பியது! எழும்பூரிலிருந்து தெற்கே போகிற ரயில்கள் ரத்து. ஆபீஸ் வேலை என்று தங்கிவிட்ட பெண்ணின் அப்பா, பஸ்ஸும் லாரியுமாக மாறி மாறி, ஜானவாசத்தன்று சாயந்திரம் நனைந்த வேஷ்டியோடு போய்ச் சேர்ந்தாராம். போன் கிடைக்க ஆரம்பித்த பிறகு அந்த அம்மாள் கூப்பிட்டார். எடுத்ததும், "மாமி, முறுக்கு ஒண்ணுகூட உடையலை" என்றார். அப்புறம் இரண்டு பேருமே அழுதோம்.

எல்லாவற்றையும் நோட்டில் பிடித்துவிட முடியுமா? முடியாது. 2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்றபோது என் கையில் மூன்று கல்யாணத்து முன்பணம், எல்லாம் ஐந்நூறாக இருந்தது. எந்தப் பக்கத்திலும் அப்படி ஒரு வரி இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் அப்படித்தான். பெயர் தெரியாத ஆபத்துக்கென்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரியைக் காலியாக விட்டு, அதற்கென்று ஒரு நாளையும் கொஞ்சம் பணத்தையும் ஒதுக்கி வைக்கிறேன். ஒதுக்கிய நாளில் வேலை முடிந்துவிட்டால் தூங்குவேன்.

இந்தக் கதையை எல்லாம் அன்று ராத்திரி மருமகளிடம் சொன்னேன். அவள் கரிப்பொட்டுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அதிரசம் உதிர்ந்த இடம் வந்ததும் நிமிர்ந்தாள்.

"அந்த டீச்சர் அப்புறம் உங்ககிட்ட பேசினாளாம்மா?"

"இல்லை."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "எனக்கும் இது செவ்வாக்கிழமைதான் இல்லை?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. சுக்கு போட்டுப் பால் காய்ச்சப் போய்விட்டேன். திரும்பி வரும்போது காதில் போனை மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். குரல் முதலில் நடுங்கியது, அப்புறம் நிதானத்துக்கு வந்தது. எதிர்முனையில் சத்தம் போட்டார்களாம். பத்து நிமிஷம் திட்டிவிட்டு, "சரி, அந்தத் தேதிக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது, அதைச் சொல்" என்று கேட்டார்களாம். பாதி வேலையை அன்றைய தேதிக்கும் மீதியை ஒரு மாதம் கழித்தும் தருவதாக முடிவாயிற்று. அவர்கள் அதற்கேற்றாற்போல் தங்கள் பக்கத்தில் வேறு ஏற்பாடு செய்துகொண்டார்களாம். இவளுடைய மேலதிகாரிக்குச் சந்தோஷமில்லை. அந்த வருஷம் சம்பள உயர்வு குறைச்சல்தான். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

இப்போது வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் நாங்கள் இரண்டு பேருமாக உட்கார்ந்து நோட்டைப் பார்க்கிறோம். அவள் ஆபீஸ் கவலைகளையும் என்னிடம் சொல்வாள். பாதி புரியாது. "அறிகுறி என்ன? யார் பொறுப்பு? அவாகிட்ட சொல்லியாச்சா?" என்று மூன்றே கேள்வி கேட்பேன்.

போன வாரம் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டு வந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"அம்மா, இருபது வருஷத்துக்கு மேல எழுதறேள். ஒரு வரி இதுல எங்கேயுமே இல்லையே."

"என்னது?"

பேனாவை எடுத்துத் தானே எழுதினாள்: 'ஒருவேளை அம்மாவுக்கு முடியாமல் போனால்.' பக்கத்தில் அறிகுறி: 'இரண்டு மாதமாக முழங்கால் வீக்கம். டாக்டரிடம் காட்டவில்லை.' அடுப்பு ஓரத்திலிருந்து கரியைத் தொட்டு வந்து இரண்டு பொட்டு வைத்தாள். பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள்.

திங்கட்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. நேற்று சாயந்திரம் துணியை விரித்து, மாவை எடுத்து, அவளுக்குக் கைமுறுக்கு சுற்றக் கற்றுக்கொடுத்தேன். முதல் முறுக்கு மரவட்டை மாதிரி சுருண்டுகொண்டது. ஏழாவதில் இரண்டு சுற்று வந்தது.